தொட்டி ஒழுகவில்லை

ஒழுகலை சார். அதை மட்டும் எழுதிராதீங்க.

வேற என்ன வேணாலும் எழுதுங்க. அப்சர்வர் வைகுண்டமணிக்கு, அதான் எனக்கு, கண்ணு மங்கிட்டுன்னு எழுதுங்க. இன்னும் ஏழு மாசத்துல ரிட்டையர் ஆகுற ஆளு, அசந்திருப்பான்னு எழுதுங்க. யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. தொட்டி ஒழுகுச்சுன்னு மட்டும் எழுதிட்டுப் போயிராதீங்க. இருபத்தெட்டு வருசமா இந்தப் பண்ணையில காலைல ஏழு இருபதுக்கு அந்தத் தொட்டி முன்னாடி நிக்கேன். ஒழுகுற தொட்டிய வச்சுக்கிட்டு நாப்பத்தோரு நாளு ரீடிங் எழுதுவேனா? என்ன பேச்சு சார் இது?

கோவிச்சுக்கிடாதீங்க. உக்காருங்க. டீ சொல்லிருக்கேன். நான் இப்படித்தான், வாய் கொஞ்சம் வெடுக்குன்னு வரும். எங்க ஆபீசரே என்கிட்ட ரெண்டு அடி தள்ளி நின்னுதான் பேசுவாரு.

நீங்க கேக்குறது ஞாயந்தான். தலைமை ஆபீசுலேருந்து வந்து, பழைய ரிஜிஸ்டரையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துறீங்க. ஏத்தும்போது பாத்தா, போன வருசம் ஏப்ரல் எட்டாந்தேதி எங்க தொட்டியில தண்ணி ஆவியாப் போற அளவு அரை மில்லிமீட்டர் ஏறுது. மே பதினெட்டு வரைக்கும் அப்படியே நிக்குது. பத்தொம்பதாந்தேதி விழுந்திருது. பக்கத்து வானிலை ஸ்டேஷன் எதுலயும் அந்த ஏத்தமும் இல்ல, எறக்கமும் இல்ல. அப்ப ஓட்டை விழுந்து அடைச்சிருக்கணும், அப்படித்தானே? செவப்புல சுழிச்சுக் கொண்டாந்துட்டீங்க.

உங்க மூளைக்கு அது சரி. எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு.

இங்கேருந்து பாருங்க. அந்தக் கம்பி வேலிக்குள்ள, மரச்சட்டத்து மேல வட்டமா ஒண்ணு இருக்கு பாத்தீங்களா? நாலடி அகலம். அதுதான். நீங்க இத்தனை ஸ்டேஷன் கணக்கு ஏத்தியிருப்பீங்க, தொட்டியைக் கண்ணால பாத்திருக்க மாட்டீங்க. நடுவுல ஒரு முள்ளு நிக்கும். அந்த முள்ளு நுனி வரைக்கும் தண்ணி நிக்கணும். இருவத்திநாலு மணி நேரத்துல வெயிலும் காத்தும் எவ்வளவு குடிச்சுதோ, அவ்வளவையும் காலைல அளவுக் குழாயால ஊத்தி, திரும்ப நுனியைத் தொட வைக்கணும். ஊத்துனது எவ்வளவோ அதுதான் ஆவியாப் போனது. அதை முந்தின நாள் தேதியில எழுதுவேன். மேல கம்பி வலை எதுக்குன்னா, காக்கா வந்து குடிக்கும், நாய் வந்து நக்கும். அது குடிச்சதையெல்லாம் வெயில் கணக்குல எழுதக் கூடாதுல்லா?

மண்ணும் அப்படித்தான். துளை போட்டு ஒரு அடி, ரெண்டு அடி, மூணு அடியில மண்ணெடுத்து, டப்பாவுல அடைச்சு எடை போட்டு, ஓவன் அடுப்புல நூத்தியஞ்சு டிகிரியில ஒரு நாள் வச்சு, மறுநாள் எடை போட்டா, குறைஞ்சது எவ்வளவோ அதுதான் ஈரம். வெள்ளாமை பண்ணுற சம்சாரிங்க வருவாங்க. "அண்ணாச்சி, கையில புடிச்சுப் பாத்துச் சொல்லுங்களேன், விதைக்கலாமா"ன்னு கேப்பாங்க. சொல்ல மாட்டேன். நாளைக்கு பதினோரு மணிக்கு வாங்கன்னுடுவேன். கையி பொய் சொல்லும், கண்ணு பொய் சொல்லும். தராசு சொல்லாது. இதைச் சொல்லிச் சொல்லியே இந்த வட்டாரத்துல எனக்கு நல்ல பேரு கிடையாது. போகட்டும்.

டீ வந்துட்டு. குடிங்க. எனக்கு வேண்டாம்.

அந்த நாப்பத்தோரு நாளைச் சொல்லணும்னா என் வீட்டுக்காரியைச் சொல்லணும் சார். தங்கபுஷ்பம்னு பேரு. அந்த வேப்பமரத்துக்குப் பின்னால தெரியுதுல்லா ஓட்டுக் குவார்ட்டர்ஸ், அங்கதான் இருந்தோம். இப்பமும் அங்கதான் இருக்கேன்.

அவளுக்கு ரெண்டு கிட்னியும் போயிட்டு. சக்கரைதான் காரணம். வாரத்துக்கு ரெண்டு தடவை, செவ்வாயும் வெள்ளியும், டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ரத்தம் சுத்தம் பண்ணிக் கூட்டிட்டு வருவேன். டாக்டரு முதல் நாளே சொல்லிட்டாரு. "இவங்களுக்கு மூத்திரமே இறங்கலை. உள்ள போற தண்ணி வெளிய வர வழியில்ல. ஒரு நாளைக்கு முக்கா லிட்டர். அதுக்கு மேல போனா நுரையீரல்ல போயி நிக்கும், மூச்சு முட்டும்"ன்னாரு.

பக்கத்துல இருந்தவங்கெல்லாம் இதைக் கேட்டு அழுதாங்க. நான் உண்மையைச் சொல்லுதேன், எனக்கு ஒரு தெம்பு வந்துட்டு சார். அளக்கணும், அவ்வளவுதானே? வேற எந்த வியாதின்னாலும் நான் என்ன செய்வேன், கையைப் பெசைஞ்சுக்கிட்டு நிப்பேன். இது நமக்குத் தெரிஞ்ச வேலைல்லா? இவளைக் காப்பாத்திருவோம்னு நெனைச்சேன்.

அன்னைக்கே நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கி கோடு போட்டேன். உள்ளே போனது, வெளியே வந்தது, எடை. நம்ம தொட்டி ரிஜிஸ்டர் மாதிரியே. காலைல காப்பி எண்பது மில்லி. மாத்திரைக்கு முப்பது. ரசம் அம்பது. ஐஸ் கட்டி சப்பிக்கிடலாம்னு நர்ஸம்மா சொன்னாங்க, ஒரு கட்டி பதினஞ்சு மில்லி. ஒரு நாளு யோசனை வந்துட்டு, இட்டிலியில தண்ணி இருக்கே, அதை யாரு எழுதுறது? ஒரு இட்டிலியைக் கொண்டு போயி லேப்ல மண்ணு டப்பாவுல வச்சு ஓவன்ல போட்டேன். சிரிக்காதீங்க. மறுநாள் எடை போட்டா நூத்துக்கு அறுபத்தஞ்சு தண்ணி. காய்ஞ்சு ஓடு மாதிரி ஆன அந்த இட்டிலியைக் கொண்டாந்து அவகிட்ட காட்டுனேன். அப்படிச் சிரிச்சா. "இட்டிலியைக் கூடவா விட மாட்டீங்க"ன்னு கண்ணுல தண்ணி வரச் சிரிச்சா. அதுவும் கணக்குத்தான்டின்னேன் நான்.

அப்படி இருந்தோம் சார். யாரோ ஏதோ சொல்லுதாங்க, நான் அவளைக் கொடுமைப்படுத்துனேன்னு. கொடுமையா இருந்தா சிரிப்பாளா?

எடைக்கு என்ன செஞ்சேன்னா, உரக் கிடங்குல மூட்டை போடுற தராசு இருக்கு. அம்பது கிராம் வித்தியாசம் வரை காட்டும். தினமும் காலைல ரீடிங் முடிச்சிட்டு, ஏழரைக்கு அவளைக் கூட்டிட்டுப் போயி அதுல நிப்பாட்டுவேன். ஒரே சேலை, ஒரே ரவிக்கை, வளையல் கழட்டிரணும். சேலை மாறுனா எடை மாறிரும்லா. களையெடுக்க வர்ற பொம்பளைங்க அந்நேரந்தான் வந்து கையெழுத்துப் போடுவாங்க. அவளுக்குக் கூச்சம். "கடையில மூட்டையை நிறுக்கிற மாதிரி நிறுக்கீங்களே"ன்னா ஒரு நாளு. ஒரு நாளுதான் சொன்னா. அப்புறம் சொல்லலை.

மாசி, பங்குனியில நல்லாப் போச்சு. ரெண்டு சுத்தத்துக்கு நடுவுல ரெண்டு கிலோ ஏறும், சுத்தம் பண்ணுனா இறங்கும். டாக்டரு என் நோட்டை வாங்கிப் பாத்துட்டு, பக்கத்து பெட்டுக்காரங்க கிட்டயெல்லாம் காட்டுனாரு. "இப்படி ஒரு வீட்டுக்காரர் இருந்தா எனக்கு வேலையே இல்ல"ன்னாரு. எங்க புஷ்பம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

அப்புறம் கோடை வந்துட்டு. போன வருசத்துக் கோடை உங்களுக்கே தெரியும். ஒரு பொட்டு மழையில்ல. கரிசல் பாளம் பாளமா வெடிச்சு, கால் வச்சா முட்டி வரைக்கும் இறங்குது. மூணடியில எடுத்த மண்ணுலயே ஈரம் நூத்துக்குப் பதினொண்ணுதான். குவார்ட்டர்ஸ் குழாயில மூணு நாளைக்கு ஒருக்கா ஒரு மணி நேரம் தண்ணி. ரெண்டு டிரம்மு, நாலு குடம், அதுலதான் எல்லாம். ஒவ்வொண்ணுலயும் உள்பக்கம் பெயிண்டால கோடு போட்டு வச்சிருந்தேன், சென்டிமீட்டர் கணக்கா. எதுக்குன்னா, குளிக்க எவ்வளவு, பாத்திரத்துக்கு எவ்வளவுன்னு தெரியணும்லா. அவ குடிக்கக் கூடாதுன்னு இல்ல சார். ஆனா ஒரு டம்ளர் குறைஞ்சாலும் எனக்குத் தெரிஞ்சிரும், அது உண்மை. சாயந்திரம் வந்ததும் டிரம்முக்குள்ளதான் முதல்ல எட்டிப் பாப்பேன்.

அவ வாய் தொறந்து கேட்டதே இல்ல. அதைத்தான் நான் இன்னைக்கும் சொல்லுதேன். நாக்கு தடிச்சுப் போயி பேச்சு கொழகொழன்னு வரும், ஒதடு வெடிச்சிருக்கும், ஈரத்துணியை எடுத்து வாய்ல ஒத்திக்கிடுவா. கேக்க மாட்டா. நான் நெனைச்சேன், அவளுக்குப் பழகிட்டுன்னு.

ஏப்ரல் பொறந்து ரெண்டாவது வாரம், எடை ஏற ஆரம்பிச்சுது.

ரெண்டு கிலோ ஏறுற இடத்துல மூணரை. அடுத்த தடவை நாலு. காலு வீங்குது, முகம் உப்புது. டாக்டரு சத்தம் போட்டாரு, "தண்ணி குடிக்காங்கய்யா, நிறையக் குடிக்காங்க"ன்னாரு. நான் நோட்டை எடுத்து அவரு மேசையில வச்சேன். "எழுநூத்தம்பதுக்கு மேல ஒரு சொட்டு கிடையாது சார். வேணும்னா பாருங்க"ன்னேன். அவரு நோட்டைப் பாக்காரு, அவளைப் பாக்காரு. அவ சொவத்தைப் பாக்கா. "உங்க நோட்டு சரின்னா உடம்புதான் தப்பு"ன்னாரு. எரிச்சல்ல சொல்லிருப்பாரு போல. நான் அதை அப்படியே எடுத்துக்கிட்டேன்.

தராசு மேல சந்தேகம் வந்துட்டு. நாப்பத்தஞ்சு கிலோ யூரியா மூட்டையை வச்சுப் பாத்தேன், சரியா நிக்குது. உப்பு மேல சந்தேகம், உப்பை நிப்பாட்டுனேன். என் மக அனுசுயா மேல சந்தேகம். சங்கரன்கோயில்ல கட்டிக் கொடுத்திருக்கேன், பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கா. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வந்து அம்மாவைப் பாத்துட்டுப் போவா. போன் போட்டு, "ஏட்டி, உங்கம்மாவுக்குத் தர்பூசணி கொடுத்தியா? உண்மையைச் சொல்லு"ன்னு கேட்டேன். அவ அந்தப் பக்கம் அழுதா. எல்லாரையும் சந்தேகப்பட்டாச்சு. அப்புறம் வேற வழி? எழுநூத்தம்பதை அறுநூத்தம்பது ஆக்குனேன்.

எடை குறையலை. அம்பது கிராம் கூடத்தான் செஞ்சுது. அறுநூத்தம்பதை ஐநூத்தம்பது ஆக்குனேன்.

அதே சமயத்துல இந்தத் தொட்டி ரீடிங்கும் ஏறுது. பதினொண்ணு மில்லிமீட்டர், பதினொண்ணரை, ஒரு நாளு பன்னெண்டைத் தாண்டிட்டு. என் சர்வீசுல அதுவரைக்கும் பன்னெண்டைத் தொட்டதில்ல. எனக்கு என்ன பெருமைங்கீங்க! சோறு போடும்போது அவகிட்டயே சொல்லுதேன், "புஷ்பம், இன்னைக்குப் பன்னெண்டு புள்ளி ஒண்ணு! எழுதி வச்சுக்கோ, இது ரெக்கார்டு"ங்கேன். அவ சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டே, "வெயில் அப்படி அடிக்குல்லா"ன்னா. நிமிந்து பாக்கலை. நானும் பாக்கலை.

ரெண்டு நோட்டும் ஒரே மேசையிலதான் சார் கிடந்துச்சு. ஒரே பேனாவாலதான் எழுதுனேன். முதல்ல இதை எழுதிட்டு அதை எழுதுவேன்.

மே பத்தொம்பது காலைல அவளால எந்திரிக்க முடியலை. எடை போடல அன்னைக்கு. முந்தின நாள் ராத்திரியே அனுசுயா வந்துட்டா, லீவு விட்டிருந்தாங்க. அப்ப அவ மூணு மாசம் முழுகாம இருந்தா. இருவதாந்தேதி மத்தியானம் நான் சாப்பிட வாரேன், புஷ்பம் கட்டில்ல சாஞ்சு உக்காந்திருக்கா. படுத்தா மூச்சு முட்டுது. என்னைப் பாத்து, "ஏங்க, ஒரு வாய் தண்ணி"ன்னா.

நாலு மாசத்துல முதல் தடவை கேக்கா.

அன்னைக்கு அளவு அப்பமே முடிஞ்சிருந்துச்சு. நாளைக்குச் செவ்வாக்கெழமை, மத்தியானம் ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி. "ஒரு ராத்திரிதான் புஷ்பம், பொறுத்துக்கோ"ன்னேன். அவ மறுபடி கேட்டா. மறுபடி கேட்டா. அனுசுயா எந்திரிச்சுப் போயி டம்ளர்ல மோந்துட்டு வந்துட்டா. நான் அந்த டம்ளரைப் புடுங்கிட்டேன். ஆமா சார், புடுங்குனேன். கொஞ்சம் அவ சேலையில சிந்திட்டு. புஷ்பம் அந்த ஈரத்தைத் தொட்டு ஒதட்டுல வச்சா.

மறுநாள் காலைல ஆறு மணிக்கு அவ போயிட்டா.

டாக்டரு எழுதிக் கொடுத்த காகிதம் இருக்கு, பாக்கீங்களா? நுரையீரல்ல தண்ணி. தண்ணி கூடிச் செத்திருக்கா. ஆனா என் மக என்ன சொல்லுதா? "தொண்டை காஞ்சு செத்தா எங்கம்மா. சாகப்போற உசுருக்கு ஒரு வாய் தண்ணி ஊத்த விடலை இந்த மனுசன்"ங்கா. ஊரு சனம் முன்னாடி, பொணத்தை நடுவீட்டுல வச்சுக்கிட்டுச் சொன்னா. தண்ணி கூடிச் செத்தவளைத் தாகத்துல கொன்னேன்னா என்ன ஞாயம் சார்?

இன்னொண்ணும் அவ மனசுல இருக்கு. அன்னைக்கு ஏழு இருபதுக்கு நான் தொட்டிகிட்ட இருந்தேன். பொணம் உள்ள கிடக்கு, நான் வேலிக்குள்ள நிக்கேன். அனுசுயா ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு நின்னிருக்கா. நான் என்ன செய்ய? காலு தானாப் போயிட்டு. எனக்கு வேற எங்க போயி நிக்கத் தெரியும்? பதினொண்ணு புள்ளி ரெண்டு. நீங்க அந்த ரிஜிஸ்டர்லயே பாத்துக்கிடலாம்.

பதினாறாம் நாளு காரியம் முடிஞ்சதும் போனவதான். அதுக்கப்புறம் அவ குரலை நான் கேக்கலை. பேத்தி பொறந்து இப்ப பதினோரு மாசம். நடக்க ஆரம்பிச்சிருப்பா. பேரு என்னன்னு என் மச்சினன் சொல்லித்தான் தெரியும். அங்க போயி வாசல்ல ரெண்டு தடவை நின்னேன், மாப்பிள்ளை வந்து நல்லபடியாத்தான் பேசினாரு, "கொஞ்ச நாள் போகட்டும் மாமா"ன்னு பஸ் ஏத்தி விட்டுட்டாரு.

தொட்டிக்கு வாரேன்.

காரியம் முடிஞ்ச மறுநாள், மே மாசக் கணக்கைத் தலைமை ஆபீசுக்கு அனுப்பணும்னு உக்காந்தேன். நீங்க இன்னைக்குப் பாத்ததை நான் அன்னைக்கே பாத்துட்டேன். பதினெட்டு வரைக்கும் ஏத்தம், பத்தொம்பதுல எறக்கம். வெயில் குறையலை, காத்து குறையலை, ஏன் விழுது? ஓட்டைன்னுதான் நெனைச்சேன். தொட்டியை எறக்கிக் கவுத்துப் போட்டு, பத்துப் பாத்திரம் துலக்குற மாதிரி துலக்கி, அங்குலம் அங்குலமாத் தடவிப் பாத்தேன். தண்ணி ரொப்பி, மேல தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டி, மூணு நாள் வச்சிருந்தேன். முள்ளு நுனியை விட்டு ஒரு மயிரிழை எறங்கலை. ஒழுகலை சார். அதான் அவ்வளவு உறுதியாச் சொல்லுதேன்.

அப்ப யாரோ எடுத்திருக்காங்க. களையெடுக்குற பொம்பளைங்களைக் கூப்பிட்டு வரிசையா நிப்பாட்டி, "எவ இந்தத் தொட்டியில கை வச்சது? மரியாதையாச் சொல்லிருங்க"ன்னு குதிச்சேன். எல்லாரும் தரையைப் பாக்காங்க. மாடத்தின்னு ஒரு அம்மா, இந்த வேலிக்குள்ள புல்லு செதுக்குறது அவங்கதான், முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டாங்க. "நீயா?"ன்னேன்.

"நான் இல்லய்யா. அம்மாதான்"னாங்க.

எனக்கு வெளங்கலை சார். எந்த அம்மான்னு கேட்டேன்.

"நம்ம வீட்டம்மாதான்யா. நீங்க பதினோரு மணிக்கு மண்ணு டப்பாவைத் தூக்கிட்டு லேப்புக்குள்ள போவீங்கல்லா? அப்ப வருவாங்க. வேலியைப் புடிச்சுக்கிட்டு மெதுவா வருவாங்க. வலையை ஒரு ஓரமாத் தூக்கி, பாசியை ஊதி விட்டுட்டு, ரெண்டு கையாலயும் அள்ளிக் குடிப்பாங்க. டம்ளர் கொண்டாரேன்மான்னு நான் சொன்னேன். வேண்டாம் மாடத்தி, டம்ளர் கொண்டாந்தா நிறையக் குடிச்சிருவேன்னாங்க. ஐயாகிட்ட சொல்லிராத, ரீடிங் தப்பாப் போச்சுன்னு மனுசன் சோறு திங்க மாட்டாருன்னு என் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாங்கய்யா."

அந்தத் தண்ணி எப்படி இருக்கும் தெரியுமா சார் மத்தியானத்துல? கை வச்சா சுடும். அடியில பாசி, மேல வண்டு செத்து மிதக்கும். வாரத்துக்கு ஒருக்காதான் கழுவுவேன். வீட்டுல மண்பானையில சில்லுன்னு தண்ணி இருக்கு, அதுல கோடு இருக்கு. இந்தத் தொட்டியில எவ்வளவு குறைஞ்சாலும் வெயில் குடிச்சுதுன்னு எழுதிக்கிடுவேன்னு அவளுக்குத் தெரியும். குறைஞ்சா யாரையும் ஏன்னு கேக்காத தண்ணி இந்தப் பண்ணையிலேயே அது ஒண்ணுதான். இருபத்தேழு வருசம் என்கூடக் குடித்தனம் பண்ணுனவல்லா.

அன்னைக்குச் சாயந்திரம் ரெண்டு நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சேன். தொட்டியில ஒரு மில்லிமீட்டர்னா ஒண்ணேகால் லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அரை மில்லிமீட்டர்னா கிட்டத்தட்ட அறுநூறு மில்லி. நாளு நாளா, இதுல கூடுனதையும் அவ எடையில கூடுனதையும் எழுதிக் கூட்டுனேன். எழுநூத்தம்பது கொடுத்த நாள்ல அள்ளுக்கையால அரை லிட்டர் குடிச்சிருக்கா. அறுநூத்தம்பது ஆக்குனதும் அறுநூறு. ஐநூத்தம்பது ஆக்குனதும் எழுநூறு. நான் குறைக்கக் குறைக்க அங்க கூடியிருக்கு. மொத்தம் இருவத்திநாலு லிட்டர். ரெண்டு நோட்டும் அப்படியே பொருந்திட்டு.

ஒரு நிமிசம் எனக்குச் சந்தோசம் வந்துச்சு சார், பொருந்திட்டேன்னு. சத்தியமாச் சொல்லுதேன். அதுக்கப்புறந்தான் அழுதேன். இப்படி ஒரு மனுசனை என்ன செய்யலாம், சொல்லுங்க.

ரெண்டு நோட்டையும் ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, சேத்து வச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். இது வயல் கணக்கு, அது வீட்டுக் கணக்குன்னு பிரிச்சுப் பிரிச்சு எழுதிக்கிட்டு இருந்தேன். டாக்டரு சொன்னாரு, குடிக்காங்கன்னு. உடம்பு சொல்லுச்சு, தராசு சொல்லுச்சு. எல்லாத்தையும் விட என் நோட்டை நம்புனேன். என் கையெழுத்துல இருந்துச்சுல்லா.

இப்ப சொல்லுங்க, ஓட்டைன்னு எழுதுவீங்களா?

அரை அரையாக் கழிச்சிட்டு சரியான ரீடிங்கைப் போட்டுக்கலாம்ங்கீங்க. போட்டுக்கலாம். பக்கத்து ஸ்டேஷனோட ஒத்துப் போயிரும், உங்க கம்ப்யூட்டரும் சும்மா இருந்துக்கிடும். ஆனா சார், அதைக் கழிச்சா அவ குடிச்சது போயிரும். அவ நோட்டுல அந்தத் தண்ணி இல்ல. டாக்டர் காகிதத்துலயும் இல்ல. அவ நாப்பத்தோரு நாளு தாகத்துக்குக் குடிச்சான்னு இந்த உலகத்துல எழுதியிருக்குறது இந்த ஒரு ரிஜிஸ்டர்லதான். அதுவும் நான் அறியாம, என் கையாலயே எழுதியிருக்கேன். சந்தேகம்னு வேணா ஓரத்துல ஒரு புள்ளி வச்சுக்கோங்க. கழிச்சிராதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன்.

இன்னொண்ணு இந்த ரிஜிஸ்டர் சொல்லுது, அதையும் சொல்லிருதேன். பதினெட்டு வரைக்கும் அவ நடந்து வந்திருக்கா. பத்தொம்பதுல ரீடிங் விழுதுல்லா, அன்னைலேருந்து காலு வரலை. அதான் இருவதாந்தேதி என்கிட்ட கேட்டா. இனிமே தொட்டிக்குப் போக முடியாது, என்னை விட்டா வேற ஆளில்லன்னு ஆனதும் கேட்டா. நாலு மாசமா அவ கேக்கலையே, பழகிட்டு போலன்னு நான் இருந்தேன். கடைசி ரெண்டு நாளு அவ காஞ்சுதான் கிடந்திருக்கா. அந்த ரெண்டு நாளைக்கு என் மக சொல்லுறது சரிதான்.

மககிட்ட சொல்லலாம்லாங்கீங்க. "உங்கம்மா தொண்டை காஞ்சு சாகலைட்டி, நாப்பத்தோரு நாளும் அள்ளி அள்ளிக் குடிச்சிருக்கா"ன்னு ஒரு வார்த்தை சொன்னா அவ மனசு ஆறும்ங்கீங்க. வாசக்கதவைத் தொறப்பா, பேத்தியைத் தூக்கி என் மடியில விடுவான்னு நானும் எத்தனையோ நாளு நெனைச்சேன். போன மாசம் பஸ் ஏறிச் சங்கரன்கோயில் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டேன், இந்த ரிஜிஸ்டரைப் பையில வச்சுக்கிட்டு. ஸ்டாண்டுலயே ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்துட்டுத் திரும்பிட்டேன்.

ஏன்னா அவ டீச்சரு. என் ரத்தம். எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு, கடைசியில ஒரு கேள்வி கேப்பா. "அம்மா அங்க வந்து குடிக்கான்னு உங்களுக்கு முன்னாலயே தெரிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்பீங்கப்பா?"ன்னு கேப்பா.

மடியில படுக்க வச்சு நானே ஊத்தியிருப்பேன்மான்னு சொல்லணும் சார். அதைச் சொல்லிட்டா போதும், எல்லாம் சரியாயிரும். சொல்லிப் பாத்தேன், வீட்டுல தனியா உக்காந்துக்கிட்டுச் சத்தமாவே சொல்லிப் பாத்தேன். என் காதுக்கே பொய்யாக் கேக்கு. எனக்குத் தெரியும் சார் நான் என்ன செஞ்சிருப்பேன்னு. அன்னைக்கே டவுனுக்கு சைக்கிளை மிதிச்சுப் போயி, ஒரு பூட்டு வாங்கியாந்து, அந்த வலையைப் பூட்டியிருப்பேன்.